பிறக்காத கேமுக்கு மஞ்சள் அட்டை

கேம் விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் காதில் விழாது, தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், கட்டைவிரல் இரண்டும் மட்டும் உயிரோடிருக்கும். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. கேம் எதையும் விளையாடாமல், இன்னும் யாரும் செய்தே முடிக்காத கேம்களில் எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, தான் மட்டும் இன்றுவரை எதற்கும் போடாமல் இருக்கிற ஒரு ரகம் உண்டு. அந்த ரகத்தைத்தான் சொல்ல வந்தது. உங்கள் ஆபீஸில் ஒருவர் இருப்பார். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற ஒரு கம்பெனி பஸ்ஸில் இருப்பவருக்குப் பெயர் லோகு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற வீடு வீடாக வசூலுக்கு வருகிறார்கள் அல்லவா? அதேதான் இதுவும். கேம் செய்ய ஆசைப்படுகிற ஒருவர் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, சின்னதாக ஒரு வீடியோ போட்டு, ‘எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போடுங்கள், இதைச் செய்து முடிக்கிறேன், முடித்ததும் உங்களுக்கு ஒன்று’ என்பார். கெடு தேதிக்குள் கேட்ட தொகை சேர்ந்தால் வேலை நடக்கும். கொஞ்சம் குறைந்தாலும் போட்டவர் பணம் போட்டவருக்கே திரும்பிவிடும், கேமுக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான். கூழுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், கூழ் அன்றைக்கே கிடைத்துவிடும். இது வர வருஷக்கணக்கில் ஆகும். சில சமயம் பானையோடு ஆளும் காணாமல் போவார்.

அந்தச் ‘சில சமய’த்தில்தான் லோகு குடியிருக்கிறார்.

கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்று தெரிந்தால் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். லாரியில் வந்து இறங்குகிற வார்ப்பு இரும்புச் சாமான்களைப் பரிசோதிப்பது. நன்றாயிருந்தால் பச்சை அட்டை கட்டுவார். உதவாது என்றால் சிவப்பு அட்டை. இரண்டும் இல்லாமல் மனசில் ஏதோ இடித்தால் மஞ்சள் அட்டை. அதற்கு ‘ஹோல்டு’ என்று பேர். மஞ்சள் கட்டிய சாமான் உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது, செவனே என்று ஓரமாகக் கிடக்கும். பச்சை கட்டி நாளைக்குச் சாமான் உடைந்தால் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். சிவப்பு கட்டினால் சப்ளையர் சண்டைக்கு வருவார். மஞ்சள் கட்டியவனை உலகத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே லோகு இதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஒரு புதுக் கேமுக்கு வசூல் ஆரம்பித்திருக்கிறது என்று யாராவது செல்போனை நீட்டினால் போதும், லோகுவின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். முதல் காரியமாகச் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் பார்ப்பார். மியூசிக் ஆளை ஏமாற்றிவிடுமாம். அப்புறம் கேம் செய்கிறவரின் முகத்தை விரலால் விரித்துப் பெரிதாக்குவார். “தாடிய பாரு, சிரிப்ப பாரு. இவ்ளோ சந்தோஷமா கீறவன் எங்கேந்து வேல செய்யப் போறான்?” என்பார். அப்புறம் தேதி. “டிசம்பர்ல தரேன்றான். எந்த டிசம்பர்னு கேட்டியா?” அப்புறம், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கேமில் குதிரை வரும், அதற்கு மேலும் சேர்ந்தால் குதிரைக்கு இறக்கை முளைக்கும் என்று ஆசை காட்டியிருப்பார்களே, அங்கே வந்து நிற்பார். “குதிரைக்கே வழியக் காணோம், எறக்கைக்கு இன்னா அவசரம்?”

கேலி இருக்கட்டும், அவர் சொல்வதில் பாதி நியாயம்தான். விளையாடிப் பார்க்க ஒரு துண்டாவது கொடுத்திருக்கிறார்களா, இதற்கு முன் எதையாவது தொடங்கி முடித்திருக்கிறார்களா, கேட்கிற தொகைக்கும் செய்கிற வேலைக்கும் பொருத்தம் உண்டா, கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியம். ஆனால் பார்த்து முடித்ததும் ஒன்று போட வேண்டும், இல்லை வேண்டாம் என்று நகர வேண்டும் அல்லவா? அதுதான் கிடையாது. “ஹோல்டு,” என்பார் லோகு. கெடு தேதி வரும், போகும். மஞ்சள் அட்டை அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

அவருக்குப் பேர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அதே பஸ்ஸில் வருகிற சரவணன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், டிராகன் வளர்க்கிற கேம் ஒன்றுக்குப் பணம் போடத் துடித்துக்கொண்டிருந்தார். லோகு ஹோல்டு போட்டார். சரவணனும் கையை மடக்கிக்கொண்டார். நாலு மாதத்தில் டிராகன்காரர்கள் பக்கத்தை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து பஸ் முழுக்க லோகு வாக்குத்தான் வேதவாக்கு. அதே மாதம் அவர் ஹோல்டு போட்ட இன்னொரு கேம் வெளிவந்து, சரவணனின் மச்சான் உட்பட ஊரே அதை விளையாடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் லோகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. கேம் விளையாடவே பார்த்துப் பார்த்து வாங்கியது. அதன் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கிறது. வராத கேம்களை ஆராயவே பொழுது சரியாகிவிடும்போது வந்த கேமை எப்போது விளையாடுவது? அவர் மனைவி தமிழ்செல்விக்கு இதில் பெரிய குறை.

“பக்கத்து ஊட்டு விக்டோரியாக்கா புருஷன் ராவும் பகலும் கேம் ஆடறாருன்னு அந்தக்கா சண்ட போடுது. அது சண்ட. எனக்கு அந்தக் குடுப்பினையும் இல்ல. நான் இன்னான்னு சொல்லி சண்ட போடறது? என் புருஷன் கேம் ஆடாம ஆடாம கெட்டுப்போறாருன்னா?”

லோகு அப்போது ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

இனி பஸ்ஸுக்கு வருவோம். காலையில் வள்ளூரில் அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குக் கீழே கிளம்பி, மீஞ்சூர், பொன்னேரி என்று ஆளை அள்ளிக்கொண்டு, தச்சூர் கூட்ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து கவரைப்பேட்டை வழியாக சிப்காட்டுக்குப் போகிற பஸ். ஓட்டுகிறவர் அருணாச்சலம். லோகு ஏறுவது கூட்ரோட்டு டீக்கடை எதிரில். தினமும் அவர் தெருமுனை திரும்பும்போதே பஸ் வந்து நின்றுகொண்டிருக்கும், என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும், ஜன்னலெல்லாம் தலையாகத் தெரியும். அருணாச்சலம் வண்டியைக் கன்னாபின்னாவென்று ஓட்டி முன்கூட்டியே வந்துவிடுகிறார் என்பது லோகுவின் அபிப்பிராயம். பெரிய மனுஷன், சொன்னால் வருத்தப்படுவார் என்று சொல்லாமல் இருக்கிறார்.

இந்த பஸ்ஸில் வள்ளூரில் ஏறுகிற மெர்சி என்ற பெண், பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறது. அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. பி.சி.ஏ. படித்த பெண், படித்ததை மறக்காமல் கூடப் படித்த ஜெகனோடு சேர்ந்து ஒரு கேம் செய்ய ஆரம்பித்திருந்தது. ஜெகனுக்குப் பள்ளிப்பட்டில் ஒரு ஃபிளக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலை. கேமுக்கான படங்களெல்லாம் அவன் கைவண்ணம், அதனாலோ என்னவோ அதில் வருகிற எல்லா முகமும் கல்யாண பேனரில் இருப்பது போல் பளிச்சென்று சிரிக்கும். கேமுக்குப் பேர் ‘முதல் ஷிப்டு’. நீங்கள் கம்பெனி பஸ் டிரைவர். ரயில்வே கேட், கன்டெய்னர் லாரி, குறுக்கே வருகிற எருமை எல்லாவற்றையும் தாண்டி, ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் போய்விட வேண்டும்.

மெர்சி வசூலுக்குப் பக்கம் திறந்த அன்று பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. “எங்க பஸ்ஸும்மா இது!” என்று ஆளாளுக்குக் கூவினார்கள். சரவணன் அப்போதே பணம் போடப் போனை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“லோகுண்ணா பாத்துட்டு சொல்லட்டும்பா.”

சரவணன் போனைப் பைக்குள் வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். லோகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம்ம பொண்ணுன்னு பாக்கக் கூடாது. நம்ம பொண்ணுன்னாதான் இன்னும் ஒழுங்கா பாக்கணும். ஹோல்டுல இருக்கட்டும்மா. பாக்கறேன்.”

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியூர்க்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போட்டுப் போட்டு, பணம் சேரச் சேர நீளுகிற வசூல் கோடு முக்கால்வாசி தாண்டி, அங்கேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை சாயங்காலத்தோடு கெடு. அது தப்பினால் ஜெகன் பெங்களூரில் ஒரு பிரின்டிங் கம்பெனிக்குப் போய்விடுவான், அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜெகன் இல்லையென்றால் படம் இல்லை, படம் இல்லையென்றால் கேம் இல்லை. மெர்சிக்கு மிச்சமிருந்த நம்பிக்கை இந்த பஸ் ஒன்றுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் லோகு ஏறும்போது அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கும். “பாத்துக்கினே இருக்கேம்மா,” என்பார் அவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் லோகு துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மெர்சி கொடுத்திருந்த மாதிரித் துண்டை விளையாடிப் பார்த்துவிடுவது என்று முடிவு. தமிழ்செல்வி ஆச்சரியம் தாங்காமல் முருங்கைக்கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

கேம் நன்றாகத்தான் போனது. பொன்னேரி தாண்டியாயிற்று. கூட்ரோட்டு டீக்கடை வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஒருத்தன் மட்டும் பாக்கி. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், “வருவாரு, இருங்க, வருவாரு,” என்றார்கள். தூரத்தில் தெருமுனையில் ஓர் ஆள் தோன்றினான். ஐடி கார்டை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் ஒரு ஷூ, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டு, ஜெகன் வரைந்த அந்தக் கல்யாண பேனர் சிரிப்போடு ஓடி வந்தான்.

“இவன் யார்றா இவன், சோம்பேறி,” என்று லோகு பஸ்ஸைக் கிளப்பினார்.

திரையில் எழுத்து வந்தது: ‘ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டீங்க. மறுபடியும் வள்ளூர்லேந்து ஆரம்பிங்க.’

லோகு மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அவனை விட்டுவிட்டுப் போனார். மறுபடியும் வள்ளூர். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், தமிழ்செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“இன்னாடி சிரிப்பு?”

“ஏங்க, அந்த ஆளு யாருன்னு தெரியலயா உங்களுக்கு?”

“எவனா இருந்தா எனக்கு இன்னா? எந்த சோம்பேறியோ.”

“சரி சரி,” என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்து போய்விட்டாள். சமையலறையிலிருந்து நெடுநேரம் அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரிவதில்லை என்று லோகு நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் கூட்ரோட்டில் வழக்கம்போல் உறுமிக்கொண்டு நின்றது. லோகு ஏறினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கம்பியில் சாய்ந்துகொண்டு தீர்ப்பை ஆரம்பித்தார்.

“மெர்சி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. படம் நல்லாருக்குது. கணக்கு கரெக்டா போட்டிருக்க. ஆனா நெஜம் இல்லம்மா. எந்த ஊர்ல கம்பெனி பஸ்ஸு ஒருத்தனுக்கோசரம் நின்னுக்கினு இருக்கும்? அவன் பாட்டுக்கு ஊட்ல படுத்துக்கினு இருந்துட்டு, நாஷ்டாவ கையில புடிச்சிக்கினு, ஒத்த ஷூவோட ஆடி அசைஞ்சி வருவான். அவனுக்கோசரம் இத்தினி பேரு காத்துக்கினு இருக்கணுமா? நெஜத்துல எவன் நிறுத்துவான்? பாக்கறவன் நம்ப மாட்டாம்மா. அதனாலதான் சொல்றேன், ஹோல்டு.”

சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டாவது ஷூவைக் காலில் மாட்டிக் கயிற்றைக் கட்டினார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் காலைப் பார்த்தார்கள். சரவணன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்குக் கெடு என்கிற நிலையில் அந்தப் பெண் எப்படிச் சிரிக்கும்? அது ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அருணாச்சலம் கியரைப் போட்டார்.

சனிக்கிழமை. லோகு தெருமுனை திரும்பினார். பஸ் நின்றது. ஜன்னலில் தலைகள் தெரிந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான். அவர் டீக்கடையை நெருங்கும் சமயம் பார்த்து பஸ் நகர்ந்தது.

முதலில் அவருக்கு அது விளங்கவே இல்லை. ஏதோ லாரிக்கு வழிவிடுகிறார் என்று நினைத்தார். பஸ் லாரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

“அருணாச்சலம்ணா! யோவ்! அண்ணா! நான் இருக்கேன்ணா!”

ஓடினார். நாற்பது வயசுக்கு மேல் ஜி.என்.டி. ரோட்டில் ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். பஸ் மேம்பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. மூச்சு வாங்க நின்றார்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், இன்னிக்கி நிக்காம பூட்டாரா? தெனம் உனக்கோசரம் நின்னுக்கினு இருப்பாரே. பின்னாடி வண்டிக்காரன்லாம் ஹாரன் அடிச்சி கத்துவான், காதுலயே வாங்க மாட்டாரு மனுஷன்.”

“எனக்கோசரமா?”

“பின்ன எனக்கோசரமா? அவரு வந்து நின்னாருன்னா நான் ஒரு ரவுண்டு டீ போட்டு, வித்து, கிளாஸு கழுவிட்டு நிமிந்தா அப்பத்தான் நீ ஓடியாருவ.”

லோகு தன்னைக் குனிந்து பார்த்தார். வாயில் கவ்வியிருந்த ஐடி கார்டு, கத்துவதற்காக விட்டதில், இப்போது கழுத்தில் குறுக்காகக் கிடந்தது. ஒரு கையில் சுருட்டிய தோசை. இன்னொரு கையில் ஒரு ஷூ. சட்டைப் பொத்தானைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பார்த்தார். அதுவும் ஒன்று மாறித்தான் இருந்தது.

மானம் போயிற்று. முந்தாநாள் சமையலறையிலிருந்து வந்த சிரிப்பு இப்போது காதில் கணீரென்று கேட்டது. போகட்டும், கேமில் தன்னை அப்படி வரைந்துவிட்டார்கள் என்பதுகூட இல்லை, அத்தனை பேரும் தினமும் தனக்காகக் காத்திருந்தும் ஒருநாள்கூட ஒருத்தரும் வாய்திறந்து சொல்லவில்லையே என்பதுதான் அவரைச் சுட்டது. மெர்சியும் காத்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் ஹோல்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம் என்று நினைத்தபோது கையிலிருந்த தோசையை டீக்கடை பெஞ்சிலேயே வைத்துவிட்டார்.

ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்று நடந்தார். மேம்பாலம் தாண்டியதும், பெட்ரோல் பங்க் ஓரமாக, இண்டிகேட்டர் விளக்கு நான்கும் மினுக்க பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் மெர்சி நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டது.

“வாங்கண்ணா, சீக்கிரம் வாங்க! ஒருத்தர விட்டுட்டுப் போனா மறுபடியும் வள்ளூர்லேந்து ஆரம்பிக்கணும். பெட்ரோல் டீசல்லாம் யாரு குடுக்கறது?”

லோகு ஏறினார். அருணாச்சலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நெஜத்துல எந்த பஸ்ஸும் நிக்காதுன்னியே நைனா, சரி, நெஜமா ஓட்டிப் பாப்போம்னு பாத்தேன். இந்தப் பொண்ணு அழுவுது. எனக்கும் மனசு வரல.”

லோகு போய் மெர்சிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். குனிந்து இரண்டாவது ஷூவை மாட்டிக்கொண்டார். ஆனால் பரிசோதகர் பரிசோதகர்தானே, அந்தப் புத்தி எங்கே போகும்?

“மெர்சி. அந்த ஆளு கையில இட்லின்னு போட்டிருக்க. சனிக்கெழம தோசம்மா.”

“மாத்திடறேண்ணா.”

“பொத்தான் கரெக்டா கீது.”

போனை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். பணம் போடுகிற பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை. மேலே போய் ஒரு தடவை தேதியைப் பார்த்தார். கீழே போய்ப் பொடி எழுத்தைப் பார்த்தார். மறுபடியும் மேலே போனார்.

“அண்ணா,” என்றார் சரவணன், “அமுக்குண்ணா. பேஜார் பண்ணாத. கவரப்பேட்ட வந்துடுச்சி.”

லோகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்.

அதற்காகத்தான் காத்திருந்தது போல் பஸ் முழுக்கச் செல்போன்கள் வெளியே வந்தன. சிக்னல் கிடைக்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள், ஓ.டி.பி. வராதவர்கள் அடுத்தவர் போனில் போட்டார்கள். அருணாச்சலம்கூட வண்டியை ஓரங்கட்டி, “எனக்கும் ஒண்ணு அமுக்கிக் குடும்மா,” என்று போனை நீட்டினார். பஸ் சிப்காட் கேட்டுக்குள் நுழைந்தபோது சங்கு ஊதி ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது. அத்தனை பேருக்கும் லேட் போட்டார்கள். வசூல் கோடு நிரம்பியிருந்தது. மெர்சி கேட்டருகிலேயே நின்று ஜெகனுக்குப் போன் பண்ணி, “நீங்களே சொல்லுங்கண்ணா,” என்று போனை சரவணனிடம் கொடுத்தது.

அதற்குப் பிறகு லோகு திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். இப்போது அவர் தினமும் பஸ்ஸில் ஏறியதும் முதலில் கேட்பது, “எப்பம்மா வருது கேமு? டிசம்பர்னியே, எந்த டிசம்பரு?” பணம் போட்டவரல்லவா, கேட்க உரிமை உண்டு. மெர்சி பொறுமையாகப் பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர் மேல் இப்போது துணி இல்லை. சாயங்காலமானால் தமிழ்செல்விக்கும் அவருக்கும் அந்த மாதிரித் துண்டில் யார் பஸ் ஓட்டுவது என்று சண்டை. அவளுக்கு அந்தக் குறையும் தீர்ந்தது. பஸ் இன்றைக்கும் கூட்ரோட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அவர் இன்றைக்கும் ஓடித்தான் வருகிறார். ஆனால் ஏறும்போது, “சாரிங்கண்ணா,” என்கிறார்.

சிரித்தீர்களா? நல்லது. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்து போயிருக்கும். எதற்கெடுத்தாலும் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று நாலு பேர் ஆசையை ஓரங்கட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்று கைகூடப் போயிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் லோகுவும் அந்தக் கேமைப் பார்த்து, எந்தச் சோம்பேறியோ என்றுதான் சொன்னார். அதனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை குனிந்து, இரண்டு காலிலும் ஷூ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.